பழைய முகவரிகளைத் திருப்பிவிட: பிளகினா, எச்டிஅக்சஸா, மேப் கோப்பா?

பழைய தளத்தின் முகவரி அமைப்பை மொத்தமாக மாற்றியபோது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட்களை எங்கே வைப்பது என்று மூன்று வழிகளையும் பார்த்துவிட்டு, சர்வர் கன்ஃபிகில் (சர்வரின் மைய அமைப்பில்) மேப் கோப்பாக வைத்தேன். தற்காலிகத் திருப்பமான 302ஐ நிலையாக வைக்கக் கூடாது, எல்லாவற்றையும் முகப்புக்கே தள்ளினால் கூகுள் சாஃப்ட் 404 (பக்கமே இல்லை) என்று எடுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் தெரிந்த கதை, விடுவோம்.

கொஞ்சம் முகவரிகள்தான் என்றால் தளத்தின் மென்பொருளில் சேர்க்கும் பிளகினே போதும். ஆனால் பெரும்பாலான பிளகின்களில் ஒவ்வொரு பழைய முகவரிக்கும் பிஎச்பியும் டேட்டாபேஸும் எழுந்து வந்துதான் பதில் சொல்லும்.

தளத்தின் கோப்புறையில் வைக்கும் எச்டிஅக்சஸ் (.htaccess) அமைப்புக் கோப்பை ஒவ்வொரு கோரிக்கைக்கும் அப்பாச்சி என்ற வெப் சர்வர் திரும்பப் படிக்கும், ஒரு எழுத்துப் பிழை விழுந்தால் தளம் முழுக்க 500 (சர்வர் பிழை) தான். கேள்விக்குறிக்குப் பின்னால் ‘ஐடி=45’ என்று வரும் பகுதியைச் சாதாரண ரீடைரக்ட் விதி பார்க்கவே பார்க்காது, அதற்குத் தனியாக ரீரைட்காண்ட் (RewriteCond) என்ற நிபந்தனை வரி எழுத வேண்டும்.

மேப் கோப்பில் இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது, ஒரு வரிக்கு ஒரு முகவரி, அவ்வளவுதான். இதன் அருமை இரண்டாவது தடவை தளத்தை மாற்றும்போதுதான் தெரியும். முதல் மாற்றத்தில் அ என்பது ஆ ஆனது, இப்போது ஆ என்பது இ ஆகிறது. அப்படியே விட்டால் பழைய இணைப்பில் வருபவர் இரண்டு தடவை தாவ வேண்டும், இன்னும் சில மாற்றம் வந்தால் சங்கிலி நீண்டுகொண்டே போகும் (கூகுளுக்காகப் பக்கங்களைப் படித்துச் சேர்க்கும் கூகுள்பாட் 10 தாவல் வரைதான் பின்தொடரும்). மேப்பில் வலப்பக்கத்து ஆ எல்லாவற்றையும் இ என்று மாற்றி, ஆவுக்கும் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. வலப்பக்கத்து முகவரி ஏதாவது இடப்பக்கத்திலும் இருக்கிறதா என்று சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று பார்த்துவிட்டால் சங்கிலியும் சுழலும் உடனே மாட்டிக்கொள்ளும். ரெஜெக்ஸ் விதிகள் (ஒரே வடிவத்தில் பல முகவரிகளைப் பிடிப்பவை) குவிந்த எச்டிஅக்சஸில் எது எதை முந்துகிறது என்று வரிசையைப் பார்த்தே தலை சுற்றும்.

குறையும் உண்டு. மேப் கோப்பைச் சுட்டும் அப்பாச்சியின் ரீரைட்மேப் வரியை எச்டிஅக்சஸில் அறிவிக்க முடியாது, சர்வர் கன்ஃபிகைத் தொடும் உரிமை வேண்டும். இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் முழு முகவரியையும் அப்படியே ஒப்பிட்டால், கேள்விக்குறிக்குப் பின்னால் ஃபேஸ்புக் ஒட்டிவிடும் எஃப்பிகிளிக்ஐடி (fbclid) வந்ததும் பொருந்தாமல் போகும், அதனால் பாதைக்கு ஒரு மேப், கேள்விக்குறி முகவரிகளுக்கு ஒன்று என்று பிரித்து வைத்தேன்.

சிடிஎன்னிலேயே (தளத்தின் நகலைப் பல ஊர்களிலிருந்து தரும் சேவையிலேயே) திருப்பிவிடுவதைச் சின்னத் தளம் ஒன்றில்தான் பார்த்திருக்கிறேன், நன்றாகவே ஓடியது, பெரிய பட்டியலுக்கு அதைப் பரிந்துரைக்கும் அளவு அனுபவம் எனக்கில்லை.

எந்த வழியானாலும் முதலில் 302 வைத்துச் சோதித்துவிட்டு 301க்கு மாற்றுங்கள், தவறான 301 பார்வையாளரின் பிரவுசரில் தங்கிவிட்டால் உங்கள் சர்வரிலிருந்து அதை எளிதாக அழிக்க வழியில்லை. ரீடைரக்ட்களைக் குறைந்தது 1 வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். மேப்பில் ஒரு வரி கிடப்பதால் எந்தச் சுமையும் இல்லை, நான் எதையும் நீக்குவதில்லை.