கியூபெக் முன்னோரைத் தேட எது கைகொடுக்கும்?

கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் குடும்ப வரலாற்றைத் தேடுபவர்களை முதலில் தடுமாற வைப்பது குடும்பப் பெயர்தான். 1900-இல் லெவி நகரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கிய அல்போன்ஸ் டெஜார்டினைப் பாருங்கள். அவருடைய அப்பா பிரான்சுவா ருவா தி டெஜார்டின், அம்மா கிளாரிஸ் மிவில் தி டெஷேன். நடுவில் வரும் 'தி' (dit) என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'என்கிற' என்று பொருள். 1665-இல் பிரான்சிலிருந்து வந்த காரிஞான்-சாலியேர் படை வீரர்கள் பலருக்கும் இப்படிப் பட்டப்பெயர் இருந்தது. ஒரே பெயருள்ள குடும்பக் கிளைகளைப் பிரித்துச் சொல்லவும் இது உதவியது. பின்னாளில் ஒரு பேரன் ருவா என்றும் இன்னொருவர் டெஜார்டின் என்றும் பதிவாகியிருக்கலாம். எனவே எந்தக் கருவியையும் 'இந்தப் பெயர்ச் சிக்கலை இது எப்படித் தாங்குகிறது?' என்று கேட்டுத்தான் எடைபோட வேண்டும்.

பழைய வழி, சிப்ரியான் தாங்கே என்ற பாதிரியாரின் ஏழு தொகுதி வம்சாவளி அகராதி (1871–1890). இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏழாம் தொகுதியில் உள்ள பட்டப்பெயர்ப் பட்டியல் இன்றும் பொக்கிஷம்: எந்தப் பெயர் எதோடு சேர்ந்து வரும் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தேதிகளிலும் உறவுகளிலும் பிழைகள் உண்டு. தாங்கே சொன்னார் என்பதை மட்டும் வைத்து ஒரு தலைமுறையை உறுதி செய்யாதீர்கள்.

மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1966-இல் தொடங்கிய பி.ஆர்.டி.எச். (வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம்) தரவுத்தளம்தான் என் முதல் தேர்வு. 1621 முதல் 1849 வரையிலான கத்தோலிக்க ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளை ஒன்றோடொன்று இணைத்து, குடும்பம் குடும்பமாக அடுக்கியிருக்கிறார்கள். பெயர்களின் எழுத்து வேறுபாடுகளையும் ஒரே வடிவத்தின் கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள். பணம் கட்டத்தான் வேண்டும், ஆனால் மிச்சமாகும் நேரத்துக்கு அது தகும்.

இங்கே கியூபெக் பதிவேடுகளின் ஓர் அருமையான வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகிறார்கள், அடக்கப் பதிவு வரை. திருமணப் பதிவில் பெரும்பாலும் மணமகன், மணமகள் இருவரின் பெற்றோர் பெயரும் இருக்கும். தாயின் பிறப்புப் பெயரும் இருக்கும். மறுமணம் என்றால் பெற்றோருக்குப் பதில் இறந்த துணையின் பெயர் வரலாம். அப்போது முதல் திருமணத்தைத் தேடிப் போக வேண்டும். மற்றபடி ஒரு திருமணம் கிடைத்தால் முந்தைய தலைமுறையின் இரண்டு திருமணங்களுக்கு வழி தெரிந்துவிடும். அப்பாவின் பெயர் மாறியிருந்தாலும், மனைவியின் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம்.

1849-க்குப் பிறகு த்ருவேன் தொகுப்புதான் கைகொடுக்கும். 1940-களில் பதிவேடுகளை நுண்படமெடுத்த நிறுவனத்தின் சேமிப்பு அது, சந்தா உண்டு. பாதிரியாரின் கையெழுத்திலேயே பக்கத்தைப் பார்க்கலாம். திருமணங்களுக்கான அதன் தேடல் அட்டவணையும் நன்றாக இருக்கிறது.

ஃபேமிலிசர்ச் (FamilySearch) இணையதளம் இலவசம். கத்தோலிக்கப் பதிவேட்டுப் படங்கள் அங்கும் ஏராளம். அட்டவணையில் பெயர் சிக்காவிட்டால் பங்கும் (தேவாலய வட்டாரம்) ஆண்டும் தெரிந்தால் போதும், பக்கம் பக்கமாகப் புரட்டிவிடலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அங்குள்ள பொது வம்ச மரத்தை மட்டும் நம்பாதீர்கள்: யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால், 'தி' பெயரால் பிரிந்த இரு கிளைகளை யாரோ ஒட்டவைத்திருப்பார்கள்.

சரி, முன்னோர் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதி ஆலைகளுக்குப் போயிருந்தால்? அங்கே பெயர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு ருவா சிலசமயம் கிங் ஆனார், புவாவேர் கிரீன்வுட் ஆனார். அமெரிக்க ஆவணத்தில் மனைவியின் முதற்பெயர், பிள்ளைகளின் பெயர்கள், வயது எல்லாம் குறித்துக்கொண்டு த்ருவேனில் தம்பதியாகத் தேடுங்கள். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டும் ஒருமுறை முயலுங்கள்.