சைனா டவுன் மாடிக்கடையும் மெய் ஷின்னு ஒரு ஹீரோவும்

ரங்கூன்ல இன்னும் யாரு டிவிடி விக்கிறாங்கன்னு கேக்காதீங்க, விக்கிறாங்க. சாயந்திரமானா சுட்ட மீனும் பியருமா கூட்டம் நெரியுற 19வது தெரு தெரியும்ல, அங்கருந்து ரெண்டு நிமிஷ நடை. போர்டு கிடையாது, கீழ போன் கவர் விக்கிறாங்க, பக்கத்துல இருட்டா ஒரு மாடிப்படி. அப்பாவுக்கு பழைய தமிழ் பாட்டு டிஸ்க் தேடி அலைஞ்சப்ப போன் கவர் கடை பையன் கை காட்டினான், ஏறிட்டேன். தமிழ் ஒண்ணு கூட இல்ல. முழுக்க சீனப் படம், அதுலயும் எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தினது.

கடைக்காரர் சீன பர்மாக்காரர், வயசு எழுபதுக்கு மேல இருக்கும், நான் ஊலேன்னுதான் கூப்பிட்டேன், பர்மிய பாஷைல மாமான்னு கூப்பிடற மாதிரி. சும்மா இறங்க சங்கடமா இருந்துச்சு, ஏதாவது ஒண்ணு குடுங்கன்னேன். கேள்வியே கேக்காம ஒரு டிஸ்க்க எடுத்து கையில வெச்சாரு. 1939ல ஷாங்காய்ல எடுத்த முலான் படம், அப்பாவுக்குப் பதிலா ஆம்பள வேஷம் போட்டு சண்டைக்கு போற பொண்ணு கதை. கார்ட்டூன்ல பாத்த கதைதானேன்னு அசால்ட்டா 5000 கியாட் குடுத்துட்டு வந்தேன்.

முதல்ல குறைய சொல்லிடறேன். பிரிண்ட் சுமார், பாதி சீன் மழை பெய்யுற மாதிரி கோடு. சப்டைட்டில் இங்கிலீஷ்ல ஓடுது, ஆனா நடுவுல ஒரு கால் மணி நேரம் முந்திக்கிட்டு ஓடுது, கேள்வி வர்றதுக்கு முன்னாடியே பதில் வந்துடுது. அப்புறம் ஒரு இடத்துல டிஸ்க் சிக்கி நின்னே போச்சு. மறுநாள் திருப்பிக் கொண்டு போனேன், ஊலே ஒரு வார்த்தை பேசல, வேற டிஸ்க் எடுத்து தன்னோட பிளேயர்லயே அந்த இடத்த ஓட்டி காட்டிட்டு குடுத்தாரு. மால்ல இருக்கிற பெரிய கடைல பில்லோட போயி நின்னாலும் இது நடக்காது, எனக்கு நடந்ததில்ல.

சரி, படம். கவர்ல முலானா நடிச்ச சென் யுன்ஷாங் மட்டும்தான், பேரும் அவங்க பேருதான் பெருசா. ஹாங்காங் பக்கம் கான்டனீஸ் படத்துல நடிச்சிட்டு இருந்தவங்கள தயாரிப்பாளர் ஜாங் ஷான்குன் ஷாங்காய்க்கு கூட்டிட்டு வந்தாரு, டைரக்டர் பு வான்சாங், படம் 85 நாள் ஓடி அவங்கள எங்கயோ கொண்டு போயிடுச்சு. நியாயம்தான், நல்லா பண்ணிருக்காங்க. ஆனா எனக்கு கண்ணு நின்னது கூட வர்ற சிப்பாய் மேல. முலானோட பட்டாளத்துல இருக்கிறவன், இவள ஆம்பளன்னு நம்பி உசுருக்கு உசுரா பழகுறவன், கடைசில கல்யாணமும் அவனோடதான். கவர் முழுக்க தேடிட்டேன், அந்த ஆள் பேரு எங்கயும் இல்ல. ஊலேகிட்ட கேட்டா பில் பின்னாடி ரெண்டு எழுத்து எழுதி காட்டினாரு, மெய் ஷி. முதல் எழுத்து பிளம் மரமாம், ரெண்டாவது விடியக்கால வெளிச்சமாம்.

இந்த ரோல் கஷ்டமான ரோலுங்க. வீரம், வேஷம், கைதட்டல் எல்லாம் அந்தம்மாவுக்கு. இவரு பாத்துக்கிட்டே இருக்கணும், சந்தேகமும் வரணும், பாசமும் வரணும், ரெண்டுக்கும் பேரு தெரியாமலும் இருக்கணும். எதிரி பக்கம் வேவு பாக்க முலான் பொண்ணு வேஷம் போடுற சீன் இருக்கு, அதாவது ஆம்பள வேஷத்துல இருக்கிற பொண்ணு பொண்ணு வேஷம் போடுறா, அத பாத்து இவரு தடுமாறுறத ஓவராக்காம முகத்துலயே முடிச்சிடறாரு. நிலாவ வெச்சு ரெண்டு பேரும் பாடுற பாட்டும் அப்படித்தான். நம்ம கே.பி. சுந்தராம்பாள் அம்மா 1935லயே சினிமால நந்தனாரா ஆம்பள வேஷம் கட்டினவங்க, நமக்கு இதெல்லாம் புதுசில்ல, ஆனா வேஷத்துக்கு எதிர்ல நிக்கிறவன் கஷ்டத்த நான் இதுவரைக்கும் யோசிச்சதில்ல.

எடுத்த நேரத்தையும் சொல்லணும். 1937 நவம்பர்ல ஷாங்காய ஜப்பான் பிடிச்சிடுச்சு, ஆனா வெள்ளைக்காரன் கையில இருந்த ஏரியாவுக்குள்ள மட்டும் வரல, சுத்தி ஜப்பான் நடுவுல இது, அதனால அநாதைத் தீவுன்னு பேரு. அதுக்குள்ள உக்காந்து நேரா ஜப்பான திட்ட முடியாது, அதான் பழைய ராஜா காலத்து கதை, எல்லையில எதிரி, கூடவே இருந்து காட்டிக்குடுக்கிற ஆலோசகன். பாக்கிறவனுக்கு புரியாதா என்ன. இவ்வளவும் பண்ணியும் 1940 ஜனவரில சோங்சிங்ல, அதாவது சீன அரசாங்கம் இருந்த ஊர்லயே, இது துரோகிங்க எடுத்த படம்னு சொல்லி தியேட்டர்லருந்து பிரிண்ட தூக்கி தெருவுல போட்டு கொளுத்திட்டாங்க. ஜப்பான எதிர்த்து படம் எடுத்தவனுக்கே ஜப்பான் முத்திரை! எனக்கு இத படிச்சப்ப வயிறு எரிஞ்சுது.

1941 டிசம்பர் 8ந்தேதி அந்த தீவும் போச்சு. சரியா 15 நாள் கழிச்சு 23ந்தேதி இங்க நம்ம ரங்கூன்ல குண்டு விழுந்துச்சு. எங்க பூட்டன் அப்புறம் நடந்தே இந்தியா போன கூட்டத்துல ஒருத்தர், வீட்ல அந்த கதைய மட்டும்தான் பேசுவாங்க, அதே நேரத்துல ஷாங்காய்லயும் இப்படின்னு எங்களுக்கு யாரு சொன்னா.

வீட்ல ரெண்டு தடவ கரண்ட் போயி, ஒன்றரை மணி நேரப் படத்த மூணு மணி நேரம் பாத்தோம். அப்பா பாட்டு டிஸ்க் எங்கடான்னு ஆரம்பிச்சவரு கடைசில, அந்த பையன் யாரு, நல்லா இருக்கானேன்னாரு. சீன எழுத்தாளர் பா ஜின்னோட ‘குடும்பம்’ நாவல வெச்சு 1941ல அதே பேர்ல எடுத்த படத்துலயும் மெய் ஷி உண்டு, அது வேணும்னு ஊலேகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், உள்ள அட்டைப்பெட்டில கிடக்கு, அடுத்த வாரம் வான்னாரு. டிவிடி பிளேயர் இல்லாதவங்க பென்டிரைவ் கொண்டு போங்க, ஏத்தி குடுக்கிறாரு, ஆனா கரண்ட் இருந்தாதான், அதனால போன் கவர் பையன்கிட்ட கரண்ட் இருக்கான்னு கேட்டுட்டு மேல ஏறுங்க. ரெண்டாவது படி உடைஞ்சிருக்கு, பாத்து.