நீடாமங்கலம் போனதும், மிராசுதார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாளும்

மார்கழியில் சிங்கப்பூரிலிருந்து நீடாமங்கலம் வந்த நான்காம் நாளே மகளுக்குக் காய்ச்சல், இருமல். வயது இரண்டரை, எடை 12 கிலோ. கடைத்தெரு மெடிக்கலில் சீட்டே கேட்காமல் செபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பை எடுத்து நீட்டினார்கள். அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டிருந்தது. அந்த மருந்தை டாக்டர் சீட்டோடுதான் விற்க வேண்டும், விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2014 முதல் விதி. எனக்குக் கோபமாகவே வந்தது. வாங்கவில்லை.

அன்று ராத்திரி மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அம்மா பார்த்துவிட்டு, "தம்பி, விடியுற வரைக்கும் உக்காந்திருக்காதே, கெளம்பு" என்றார். கார் பிடித்துத் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சிஸ்டர் முதலில் மகளின் சட்டையைத் தூக்கினார். "அண்ணா, புள்ளைய அழ விடாதீங்க, மூச்சை எண்ணணும்." கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினார். 56. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 40-ஐத் தொட்டாலே வேகமூச்சு. விரலில் மாட்டிய கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதம்தான் என்று காட்டியது. உடனே மூக்கில் ஆக்சிஜன் குழாய். கூடவே ஆன்டிபயாடிக் ஊசிகள்: ஆம்பிசிலின் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஜென்டாமைசின் நாளுக்கு ஒரு தடவை.

இரண்டும் பழைய, விலை குறைந்த மருந்துகள். எனக்கு அது சந்தேகமாக இருந்தது. "இதைவிடப் பெரிய ஊசி வெளியிலிருந்து வாங்கி வரட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன். "முதலில் கொடுக்க வேண்டியது இதுதான். இரண்டு நாளில் இறங்கலைன்னா அடுத்ததுக்குப் போகலாம். இப்பவே அதைக் கொடுத்துட்டா அப்புறம் கையில் என்ன இருக்கும்?" என்றார். பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு வைரஸால் வந்த இளைப்பு என்று சொல்லி ஆன்டிபயாடிக்கே போடவில்லை. ஆக்சிஜன் மட்டும்தான். அந்தத் தாய்க்கும் பொறுமையாக விளக்கினார்.

வார்டில் கூட்டம் அதிகம், கழிவறை சரியில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணி ஊசி ஒரு நாள்கூடத் தவறவில்லை, மூச்சு எண்ணுவதும் தவறவில்லை. மறுநாள் 48. மூன்றாம் நாள் காலையில் நானே எண்ணினேன், 36. ஆக்சிஜனை எடுத்தார்கள். ஐந்து நாள் ஊசி முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, "மறுபடி வேகமா மூச்சு வாங்கினா மெடிக்கலுக்குப் போகாதீங்கண்ணா, நேரா இங்க வாங்க" என்றார் சிஸ்டர்.

மகள் அன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள்.