செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் தாத்தாவின் வெப்ளி

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்த வெப்ளி அண்டு ஸ்காட் .32 ரிவால்வர், தாத்தாவுக்குப் பின் அப்பாவுக்கும், அப்பாவுக்கு 70 வயது கடந்தபின் வாரிசு உரிமத்தின் வழியாக எனக்கும் வந்தது. உரிமம் கைக்கு வந்தவுடன் சுட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அரசு உரிமத்துடன் நடக்கும் ஒரு பழுதுபார்ப்புப் பட்டறைக்கு முதலில் எடுத்துச் சென்றேன். பட்டறையின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அதை நடத்தும் பெரியவரே கேட்டுக்கொண்டதால் அதை இங்கே எழுதவில்லை.

என் உரிமத்தையும் ரிவால்வரில் பொறித்திருந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே அவர் அதைக் கையில் வாங்கினார். கட்டைவிரலால் தாழை அழுத்தினால் பேரல் முன்பக்கமாக மடிந்து, நடுவிலுள்ள நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு தோட்டாக் கூடுகளையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும் அமைப்பு இது. அந்தத் தாழில் ஆட்டம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டபின், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலை மிக மெதுவாக இழுத்து, தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் ஒவ்வோர் அறையும் பேரலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு முறை பார்த்தார். நான்காவது அறை மயிரிழை அளவு முன்னதாகவே நின்றுவிட்டது. சிலிண்டரைத் திருப்பும் நெம்புகோலின் நுனி தேய்ந்திருந்ததே காரணம். அந்த நிலையில் சுட்டால் குண்டு பேரலின் வாயில் உரசி, சீவப்பட்ட ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும். அருகில் நிற்பவரின் கண்ணுக்கு அது ஆபத்து. சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் பீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளை வைத்து அளந்தார்.

பேரலின் உட்சுவரில் இருந்த குழிகளைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் எனக்குப் புதியது. பழைய தோட்டாக்களின் அடியில் தட்டியதும் தீப்பற்றும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும் என்பதால், தாத்தா பக்தியோடு எண்ணெய் போட்டு வைத்ததெல்லாம் உப்பின் மேல் பூசிய எண்ணெயாகவே இருந்திருக்கிறது. போதாக்குறைக்கு எங்கள் மலையின் மூடுபனி, அதன்மேல் தோலுறை. பதனிட்ட தோல் இரும்பையும் பித்தளையையும் அரிக்கும் என்பதால் உறையை அன்றே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன தகர டப்பாவைத் திறந்து காட்டினேன். தாத்தா வீட்டிலேயே வெடிமருந்து நிரப்பி அடைத்த சில தோட்டாக்களும், குண்டு வார்க்கும் அச்சும், கூட்டின் வாயை இறுக்கும் இடுக்கியும் அதில் இருந்தன. கூடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அவர் ஒன்றைக்கூடத் தொடாமல், “தம்பி, இதுக்குள்ள என்ன மருந்து, எவ்வளவு மருந்துன்னு போட்டவருக்குத்தான் தெரியும், அவரும் இல்லை,” என்றார். கருமருந்து கூட்டை ஏறக்குறைய நிரப்பிவிடும். புகையில்லா மருந்தோ அதே கூட்டில் சிறிதளவே பிடிக்கும் என்பதால், தவறுதலாக இருமடங்கு விழுந்தாலும் வெளியே தெரியாது, சிலிண்டர் பிளந்துவிடும் என்று விளக்கினார். பேரலில் இருந்த கிரீடத்தின் கீழ் ‘என்.பி.’ என்ற பர்மிங்காம் சோதனை முத்திரையைக் காட்டி, இது புகையில்லா மருந்துக்குச் சோதித்த துப்பாக்கிதான், ஆனாலும் அந்தச் சோதனை புதிதாக இருந்தபோது நடந்தது என்றும் நினைவூட்டினார். நானே நிரப்பக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் தோட்டா தயாரிக்கும் உரிமம் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வியாபாரத்துக்காகவாவது கொஞ்சம் குழைவார் என்று எதிர்பார்த்திருந்தேன். டப்பாவிலிருந்த தோட்டாக்களைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தேன்.

நெம்புகோலின் நுனியில் உலோகம் சேர்த்து அரத்தால் ராவிப் பொருத்தியதற்கும், தளர்ந்திருந்த வில்லை மாற்றியதற்கும் சேர்த்து 6,500 ரூபாய் வாங்கினார். வேலைக்கு இது நியாயமான கூலி. சொன்ன மூன்று வாரம் ஏழு வாரமாக நீண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏழு வாரத்தில் நான்கு முறை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறினேன். ஒரு தடவையாவது தொலைபேசியில் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். அளந்த அளவுகளைத் தாளில் எழுதித் தரவும் மறுத்துவிட்டார். நான் கேட்காமலே சுத்தியலுக்குக் கருநீலப் பூச்சுக் கொடுத்து, அதன் பழைய சாம்பல் நிறத்தை அழித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னர் முன் அனுமதி பெற்று, சுடுதளத்தில் கண்காணிப்பாளர் முன்னிலையில், உரிமத்தின் பேரில் வாங்கிய புதிய தொழிற்சாலைத் தோட்டாக்கள் பன்னிரண்டைச் சுட்டேன். குண்டின் எடை ஆறு கிராம் சொச்சம்தான் என்பதால் உதைப்பு மிக மென்மையாக இருந்தது. 15 மீட்டரில் பன்னிரண்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன, ஆனால் குறியின் இடப்பக்கம் சற்றுக் கீழே. நான்காவது அறை மற்றவற்றைப் போலவே சுத்தமாகப் பூட்டியது. சுட்டு முடித்தபின் பேரலின் வாயருகே ஈயச் சீவல் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.