சனிக்கிழமை ராத்திரி: பப் பக்கமா, மாமாக் கடையா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கூட்டாளிகளுக்குள் இது பழைய சண்டை. மாமாக் கடை என்றால் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை.

சாப்பாடு என்றால் நான் பப் பக்கம். மிளகு தூக்கலாக ஆட்டு வறுவல், மொறுமொறு நெத்திலி, அப்புறம் காரமான பன்றி வறுவல். கடைசியாகச் சொன்னது மாமாக் கடையில் நடக்காது, அது ஹலால். ஆனால் பப்பில் பாட்டுச் சத்தம் இருக்கிறதே! எதிரே இருப்பவரிடம் உப்பு கேட்கவே கத்த வேண்டும். எண்பதுகளின் பாட்டு ஓடினால் மட்டும் யாரும் முணுமுணுப்பதில்லை, நானும்தான்.

மாமாக் கடையில் ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்). பப் வறுவலை அங்கே தேடாதீர்கள். காற்பந்தாட்டம் பார்க்க அதுதான் இடம். இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணி ஆட்டம் நமக்கு இரவு 10, அவர்களுடைய குளிர்காலத்தில் 11. ஒரு தே தாரிக்கோடு முழு ஆட்டமும் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். பப்பில் அது சரிவராது, 2017 டிசம்பரிலிருந்து மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

பில்? பப்பில் ஒரு பீர் விலைக்கு மாமாக் கடையில் இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம். அதனால் எட்டு மணிக்கு வறுவல், பத்து மணிக்குத் தே தாரிக். நடந்தே போய்விடுவோம்.