பழகிய கைக்கு எந்தத் திரை?

தாளிலும் சுவரிலும் வரைந்து பழகியவர்கள் கணினி ஓவியத்துக்கு வரும்போது முதலில் கேட்பது, "எந்தக் கருவியை வாங்கலாம்?" என்பதுதான். இதுவரை எதைக் கொண்டு வரைந்தீர்கள் என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. யாங்கூன் தமிழர்களிடம் நான் பார்க்கும் பழக்கங்கள் இரண்டு. ஒன்று நீர்வண்ணம். பர்மாவில் அதற்குப் பெரிய மரபே இருக்கிறது. 1921-ல் லண்டன் சென்று பயின்றுவந்த பர்மிய ஓவியர் ஊ பா ஞான் எண்ணெய் வண்ணத்தை இங்கே வேரூன்றச் செய்த பிறகும் நீர்வண்ணம் பின்வாங்கவில்லை. மற்றொன்று எனாமல். பெயர்ப்பலகை, கோயில் சுவர், திருமண மேடைத் திரைச்சீலை எல்லாம் அந்தக் கையின் வேலை. இந்த இரண்டு கைகளும் திரையின் முன்னால் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

எனாமல்காரருக்குத் திரை பாதி தெரிந்த இடம். அடர்நிறத்தை முதலில் நிரப்பி, அதன்மேல் இடைநிறம், கடைசியில் வெளிச்சம் என்று அவர் வேலை செய்கிறார். பிடிக்காத இடத்தை மேலே பூசி மறைக்கிறார். கணினி ஓவியமும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நீர்வண்ணக்காரருக்கு இது தலைகீழ். அவருடைய வெள்ளை தாளிலேயே இருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொண்டே வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் போகிறார். அனவ்ரத்தா சாலையில் நம் முன்னோர் 1871-ல் எழுப்பிய காளி கோயிலின் கோபுரத்தை இருவரும் வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுதைச் சிற்பத்தின் கண்ணில் தெரியும் வெள்ளையை நீர்வண்ணக்காரர் முதல் பூச்சிலிருந்தே தொடாமல் விட்டாக வேண்டும். எனாமல்காரர் முகம் முழுவதையும் பூசிவிட்டு, கடைசியில் தூரிகை நுனியால் ஒரு புள்ளி வைப்பார். திரையில் இரண்டாமவரின் வழியே சுலபம்.

நீர்வண்ணத்திலிருந்து வருபவர் மென்பொருளைத் திறந்ததும் 'வாட்டர்கலர்' என்று பெயர் போட்ட தூரிகையைத் தேடுகிறார். தேட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஈரத்தாளில் நிறம் தானாகப் பரவுவதையும், காயும்போது ஓரத்தில் கோடு கட்டுவதையும், எதிர்பாராத இடத்தில் திட்டாகப் பூப்பதையும்தான் அவர் இத்தனை காலம் நேசித்திருக்கிறார். பெரும்பாலான மென்பொருள்களின் நீர்வண்ணத் தூரிகை அதன் சாயலைத் தருகிறதே தவிர அந்த ஓட்டத்தைத் தருவதில்லை. ரெபெல், அடோபி ஃபிரெஸ்கோ போன்ற சில மட்டும் நீரின் நடத்தையைக் கணக்கிட்டுக் காட்டுகின்றன. அவை அழகானவைதான். ஆனால் ரெபெலுக்கு வேகமான கணினி வேண்டும்; நம் வீடுகளில் இருக்கும் பழைய லேப்டாப்பில் அது திணறும். முதலில் போஸ்டர் கலர் போன்ற கெட்டியான தூரிகையை எடுங்கள். மெல்லிய பூச்சின்மேல் பூச்சு இடும் பழக்கத்தை விட மனமில்லை என்றால், புதிய லேயர் ஒன்றைத் (படத்தின்மேல் கண்ணாடித்தாள்போல் வைக்கும் தனி அடுக்கு) திறந்து அதை 'மல்டிப்ளை' முறைக்கு மாற்றுங்கள். கீழே இருக்கும் நிறம் மறையாமல், மேலே வைத்த நிறம் அதை அடர்த்தியாக்கிக் காட்டும். காய்ந்த பூச்சின்மேல் இன்னொரு பூச்சு இடுவதற்கு இதுவே மிக நெருக்கமான வழி.

இரு சாராரையும் ஒருசேரத் தடுமாற வைப்பது நிறக்கலவை. தாளில் நீலத்தோடு மஞ்சளைக் கலந்தால் பச்சை வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் பல மென்பொருள்களில் தூய நீலத்தையும் தூய மஞ்சளையும் பாதிக்குப் பாதி கலந்தால் வருவது சாம்பல். திரை வண்ணப்பொடியைக் கலக்கவில்லை, ஒளியின் எண்களைச் சராசரி செய்கிறது, அதுதான் காரணம். ஆண்டுக்கணக்கில் தட்டில் நிறம் குழைத்த கைக்கு இது பெரிய அதிர்ச்சி. "என் நிறங்கள் எல்லாம் அழுக்காகிவிடுகின்றன" என்று நீர்வண்ணக்காரர் வருந்தினால் பெரும்பாலும் காரணம் இதுதான். பச்சை வேண்டுமானால் நிறச்சக்கரத்தில் பச்சையையே தொட்டு எடுக்க வேண்டும். வண்ணப்பொடி கலப்பதைப் போலவே கலக்கும் வசதி ரெபெல் புரோவில் இருக்கிறது. நிறக்கலவையை உயிராக நினைப்பவருக்கு அந்த ஒரு வசதிக்காகவே அதைப் பரிந்துரைப்பேன்.

இனிக் கருவிகள். மலிவானது, திரையில்லாத பென் டேப்லெட். வாக்கம், ஹுயியோன், எக்ஸ்பி-பென் என்று பல நிறுவனங்கள் செய்கின்றன. லேப்டாப்பில் செருகி, மேசையில் இருக்கும் பலகையில் வரைகிறோம். கோடு எதிரில் இருக்கும் திரையில் விழுகிறது. கையும் கண்ணும் பிரிந்துபோவதுதான் இதன் பெரிய இடைஞ்சல். சிறுவர்கள் இதைச் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். தூரிகை நுனியைப் பார்த்தே வாழ்நாளெல்லாம் வரைந்த பெரியவர்களுக்குப் பொறுமை வேண்டும். சிறிய பலகையின் வரையும் பரப்பு ஏறத்தாழ 6 அங்குலத்துக்கு 4 அங்குலம். தோளிலிருந்து கையை வீசி எழுத்து இழுக்கும் எனாமல்காரருக்கு அது போதவே போதாது. மணிக்கட்டு மட்டும்தான் அசையும். அவர் வாங்கினால் 10 அங்குல அகலப் பலகையையே வாங்க வேண்டும். இன்னொரு விஷயத்தை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தாவிட்டால், நீங்கள் போட்ட வட்டம் திரையில் முட்டை வடிவமாக விழும். அமைப்புகளில் விகிதத்தைக் காக்கும் தேர்வை இட்டுவிட்டால் சரியாகிவிடும். பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பலகை எத்தனை படியாகப் பிரித்து உணரும் என்பதைச் சொல்லும் 4096 அழுத்த நிலை, 8192 அழுத்த நிலை என்ற விளம்பரங்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்த வித்தியாசத்தைக் கை உணராது.

இதன் நேர் போட்டி ஐபேடும் ஆப்பிள் பென்சிலும். கண் பார்க்கும் இடத்திலேயே கோடு விழுகிறது. பழகிய கைக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. புரோகிரியேட் மென்பொருளை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஓவியர் டேவிட் ஹாக்னி எழுபது வயதைக் கடந்த பிறகு ஐபேடை எடுத்து, 2012-ல் லண்டன் ராயல் அகாடமியில் அந்த ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். வயதான கைக்கு இது ஒத்துவராது என்று தயங்குபவர்களிடம் நான் அதைத்தான் சொல்வேன். கண்ணாடி வழுக்குவது உண்மைதான். சொரசொரப்பான படலம் ஒட்டினால் தாள்போல் பிடிப்பு வரும், பென்சில் நுனி மட்டும் விரைவாகத் தேயும். விலைதான் பெரிய சுவர். வெளிநாட்டு வங்கி அட்டை இல்லாதவர் மென்பொருளுக்குப் பணம் கட்டுவதும் எளிதல்ல. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவினர் இருந்தால் அவர் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில், பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. பேனாவோடு சேர்த்தே விற்கப்படும் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் போன்ற ஆண்ட்ராய்டு டேப்லெட். அந்தப் பேனாவுக்குச் சார்ஜ் ஏற்றத் தேவையில்லை. அழுத்தத்தையும் அது நன்றாக உணர்கிறது. ஐபேட் அளவுக்கு வேகம் இல்லை, பெரிய படத்தில் பல லேயர்கள் சேர்ந்தால் திணறும். இருந்தாலும் வீட்டில் லேப்டாப்பே இல்லாத ஒருவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். விரலால் கைப்பேசியில் வரைவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அழுத்தம் தெரியாத கருவியில் பழகிய கை தன் வலுவை இழந்துவிடும். திரையோடு கூடிய பெரிய பென் டிஸ்ப்ளே தொழிலாகவே செய்பவர்களுக்கு உரியது. அதற்குக் கணினியும் வேண்டும், இடைவிடாத மின்சாரமும் வேண்டும்.

மின்சாரம்தான் யாங்கூனில் பல ஆசைகளுக்குத் தீர்ப்பு எழுதுகிறது. கரண்ட் முறைவைத்து வந்து போகும் ஊரில், பேட்டரி தளர்ந்த பழைய லேப்டாப்பும் பென் டேப்லெட்டும் சேர்ந்தால், நல்ல கட்டத்தில் வேலை நின்றுபோகும். ஐபேடும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் பல மணி நேரம் தாங்கும், சாதாரண பவர் பேங்கிலேயே ஏறும். லேப்டாப்போடுதான் வேலை என்றால், தானாகச் சேமிக்கும் இடைவெளியை மென்பொருளில் குறைத்து வையுங்கள். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் அந்த வசதி உண்டு. கிரிட்டாவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அது முற்றிலும் இலவசம், திருட்டுப் பிரதி தேட வேண்டியதில்லை, தூரிகைகளின் வகையும் ஏராளம். மாதச் சந்தா கேட்கும் போட்டோஷாப்பை, கற்றுக்கொள்ளத் தொடங்கும் ஒருவர் நினைக்கவே தேவையில்லை.

மழைக்காலத்தில் கணினி ஓவியம் வெல்கிறது என்பதை மறுக்க முடியாது. ஜூனிலிருந்து தாள் ஈரம் குடித்துத் தொய்கிறது, பூச்சு காய மறுக்கிறது, அடுக்கி வைத்த ஓவியங்களில் பூஞ்சை புள்ளி வைக்கிறது. ஆனால் அந்த மழையையே, நனைந்த பன்சோடன் தெருவில் கட்டடங்கள் கரைந்து நிற்பதை, ஈரத்தாளில் இரண்டு பூச்சில் பிடிப்பவரைத் திரையில் வரைபவர் எட்டுவது கடினம்.

விற்பனையிலும் இரண்டும் வேறு வேறு சந்தை. ஸ்காட் மார்க்கெட் என்று நம் பெரியவர்கள் இன்னும் சொல்லும் போஜோக் சந்தையில், வாங்குபவர் கேட்பது ஓவியர் கைபட்ட தாளை. கணினி ஓவியத்துக்கு அப்படி ஒரு மூலப்பிரதி இல்லை. அதற்கான வேலை அட்டைப்படம், திருவிழாச் சுவரொட்டி, அழைப்பிதழ், விளையாட்டுச் செயலி போன்ற இடங்களில் இருக்கிறது. அச்சுக்குப் போவதானால் ஏ3 அளவுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 3508-க்கு 4961 பிக்சல், என்று தொடங்கும்போதே வைத்துவிட வேண்டும். பிறகு பெரிதாக்கினால் கோடு மங்கும். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கித்தான் வரும், ஆகவே முழுப் பிரதிகளையும் அடிக்கும் முன் ஒரே ஒரு தாளை அடித்துப் பாருங்கள். எனாமல் கை உள்ளவர் இந்த வேலைகளுக்குத் தயக்கமின்றி வரலாம். கடன் வாங்கியாவது திரையுள்ள டேப்லெட்டை எடுக்கலாம், போட்ட பணம் திரும்ப வரும். நீர்வண்ணக் கை உள்ளவர் லேப்டாப் இருந்தால் பென் டேப்லெட்டும் கிரிட்டாவும் வைத்துத் தொடங்கட்டும், பெட்டியையும் தூரிகையையும் விற்றுவிட வேண்டாம். மழை பெய்யும் மாதங்களில் திரை, மற்ற மாதங்களில் தாள் என்று இரண்டையும் நடத்துவதே அவருக்கு லாபம்.