படகு ட்ரெய்லர் விளக்குகள்: பழைய மின்குமிழ்களைப் பழுதுபார்ப்பதா, எல்.ஈ.டி.க்கு மாறுவதா?

சிம்கோ ஏரியில் மீன்பிடித்துவிட்டு, ஜாக்சன்ஸ் பொயின்டில் படகை மீண்டும் ட்ரெய்லரில் ஏற்றும்போது பெரும்பாலும் பொழுது சாய்ந்துவிடுகிறது. சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து, மறுநாள் உதித்து அரை மணி நேரம் ஆகும்வரை வாகன விளக்குகள் எரிய வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். படகும் அதன் இயந்திரமும் நமது வாகனத்தின் பின்விளக்குகளை மறைத்துவிடுவதால், 404 நெடுஞ்சாலையில் பின்னால் வருபவருக்கு நாம் பிரேக் பிடிப்பதை அறிவிப்பவை ட்ரெய்லரின் இரண்டு சிறு விளக்குகள் மட்டுமே. ஆறு கோடைகாலங்கள் மின்குமிழ் விளக்குகளைத் திருத்தித் திருத்தி ஓட்டிய பின்னர் எல்.ஈ.டி.க்கு மாறினேன். இது நான்காவது கோடை. எது மேல் என்று நண்பர்கள் கேட்பதால் இரண்டையும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

எல்.ஈ.டி. பளிச்சென்று எரியும், அதிர்வைத் தாங்கும், மின்சாரம் குறைவாக எடுக்கும். மின்குமிழ் மலிவானது, பெற்றோல் நிலையத்திலும் கிடைக்கும். இவை எல்லோரும் அறிந்தவை. முடிவைத் தீர்மானிப்பவையும் அல்ல. பதினைந்து ஆண்டுப் பழைய ட்ரெய்லரில் விளக்கு எரியாமல் போவதற்கு மின்குமிழ் காரணமாக இருப்பது குறைவு. மின்சாரம் பற்றரிக்குத் திரும்பிப் போகும் வழியான எர்த் தொடுப்பு காரணமாக இருப்பதே மிக அதிகம். ஆகவே, எந்த ஏற்பாட்டில் எர்த் நீண்ட காலம் கெடாமல் இருக்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

இங்குள்ள சிறு ட்ரெய்லர்களின் தட்டையான நான்கு முனைப் பிளக்கில் வெள்ளைக் கம்பி எர்த், பழுப்பு பின்விளக்குகளுக்கு, மஞ்சள் இடப்பக்கத்துக்கு, பச்சை வலப்பக்கத்துக்கு. பிரேக்குக்கும் சிக்னலுக்கும் ஒரே இழைதான். பல பழைய ட்ரெய்லர்களில் வெள்ளைக் கம்பி முன்பக்கத்திலேயே சட்டத்தில் திருகப்பட்டு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் மின்சாரம் திரும்பி வரும் வழி இரும்புச் சட்டமும், விளக்கைப் பிடித்திருக்கும் திருகாணிகளும்தான். கோடை முழுவதும் தண்ணீரில் இறங்கி ஏறுவதும், குளிர்காலத்தில் வீதியில் தூவிய உப்பின் எச்சம் வசந்தத்தில் தெறிப்பதும் அந்தத் திருகாணிகளை எப்படி வைத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

என் ட்ரெய்லரில் இடப்பக்கச் சிக்னலைப் போட்டால் இரு பக்கத்துப் பின்விளக்குகளும் சேர்ந்து மங்கி மங்கி எரிந்தன. இரண்டு புது மின்குமிழ்களும் ஒரு பிளக்கும் வாங்கி மாற்றிய பின்னரே அது எர்த் இழந்த விளக்கின் அடையாளம் என்று புரிந்தது. 1157 என்ற அந்த மின்குமிழில் இரண்டு இழைகளுக்கும் பொதுவான எர்த் அதன் பித்தளை அடிப்பகுதி. அந்த வழி அடைபட்டதும், சிக்னல் இழைக்கு வந்த மின்சாரம் பின்விளக்கு இழை வழியாகத் திரும்பிப் பழுப்புக் கம்பியில் ஏறி, மறுபக்க விளக்கின் எர்த்தைத் தேடிப் போகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முதலில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, வாகனத்தின் சொக்கற்றில் மின்சாரம் சரியாக வருகிறதா என்று சோதனை விளக்கால் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால், ட்ரெய்லரை மாட்டி, நீளமான ஒரு கம்பியால் விளக்கின் எர்த்தை வாகனத்தின் எர்த்தோடு நேரடியாக இணைக்க வேண்டும். உடனே விளக்கு ஒழுங்காக எரிந்தால், மின்குமிழைத் தொடவே வேண்டாம்.

1157இன் பிரேக் இழை ஏறக்குறைய 2 அம்பியர் எடுக்கிறது. எர்த் பாதையில் துருவால் 1 ஓம் தடை ஏற்பட்டாலே கிட்டத்தட்ட 2 வோல்ட் அங்கே தொலைந்துவிடும். மின்னழுத்தம் குறைவதைவிட வேகமாக இழையின் வெளிச்சம் குறையும். அதே தடையில் 0.2 அம்பியர் எடுக்கும் எல்.ஈ.டி. இழப்பது 0.2 வோல்ட் மட்டுமே. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. என் சாய்வுக்கு முதற் காரணம் இதுதான்.

ஆனால் அதே குணம் ஒரு ஆபத்தையும் மறைத்து வைக்கிறது. கெட்டுக்கொண்டிருக்கும் எர்த்தை மின்குமிழ் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுக்கும், எல்.ஈ.டி.யோ கடைசிவரை நன்றாக எரிந்துவிட்டு ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிடக்கூடும். ஆகவே பழைய சட்டத்தின் எர்த்தை அப்படியே விட்டு விளக்கை மட்டும் மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு விளக்குகளிலிருந்தும் தனித்தனி வெள்ளைக் கம்பிகளைப் பிளக்வரை கொண்டுவந்து, சட்டத்தை நம்பாத ஏற்பாடாகச் செய்தேன். ஒரு சனிக்கிழமைப் பகல் முழுவதும் அதற்குப் போயிற்று.

பழைய கம்பிகளைப் பிடுங்கியபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. முன்பு யாரோ போட்டிருந்த, கம்பியைக் கடித்துப் பிடிக்கும் நீல நிறக் கிளிப்பைத் திறந்தேன். உள்ளே செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. ரப்பர் உறையைச் சீவச் சீவ, ஒரு சாண் தூரத்துக்கு அப்பாலும் இழைகள் கறுத்து, விரலில் நசுக்கினால் உதிர்ந்தன. கிளிப் போட்ட துளையால் புகுந்த தண்ணீரைச் செம்பு இழைகள் திரி எண்ணெயை இழுப்பதுபோல உள்ளே இழுத்திருந்தன. எல்.ஈ.டி. கிட்டோடும் இத்தகைய கிளிப்புகள் சில வேளைகளில் வருகின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு, உட்புறம் பசை தடவிய சுருங்கு குழாய்களால் இணைப்புகளை மூடுவது நல்லது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது.

மின்குமிழுக்குச் சாதகமானவையும் உண்டு. கூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் திறந்து துடைக்கலாம், சில டாலருக்குப் புதியது போடலாம். முழுவதும் அடைத்த எல்.ஈ.டி. செத்தால் விளக்கையே வீச வேண்டும். சில புதிய வாகனங்கள் மின்குமிழைச் சரிபார்க்க இடைக்கிடை மின்துடிப்பு அனுப்புவதால் எல்.ஈ.டி. மினுங்கலாம், என் வாகனம் பழையது, எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. நன்னீர் ஏரிகளில் மட்டுமே ஓட்டியிருப்பதால், கடலில் இறக்குபவர்கள் என் நான்கு கோடைகாலக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. விளக்குகளை வழிகாட்டிக் கம்பங்களின் உச்சியில் பொருத்தித் தண்ணீருக்கு மேலேயே வைத்திருப்பவர்களும் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் கம்பங்களே இல்லாத என் ட்ரெய்லருக்கு அது ஒத்துவரவில்லை.

மின்குமிழோடே தொடர்பவர்கள், இறங்குதளத்தில் பின்னோக்கி இறக்குமுன் பிளக்கைக் கழற்றிவிடட்டும். பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கும்போது சூடேறிய கண்ணாடி, மே மாதத்து ஏரித்தண்ணீரில் பட்டதும் வெடித்துவிடக்கூடும். எல்.ஈ.டி.க்கு அந்தச் சூடு இல்லையென்றாலும் நான் இன்றும் கழற்றியே இறக்குகிறேன். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பிளக் முனைகளைத் துடைத்து மின்காப்புக் கிரீஸ் தடவி வைக்கிறேன். எல்.ஈ.டி. விளக்கானாலும் பிளக்கின் முனைகள் அதே பழைய பித்தளைதான்.